ராஷ்டிரபதி பவனின் குவிமாடம் கிட்டப் போனால் ஏன் மறைகிறது?

இந்தியா கேட் பக்கமிருந்து நேராக நடந்து பாருங்கள். தூரத்தில் குவிமாடம் கம்பீரமாகத் தெரியும். மேட்டின் அடிவாரத்தில் இருக்கும் விஜய் சௌக் சதுக்கத்தை நெருங்க நெருங்க, அது கொஞ்சம் கொஞ்சமாக மேட்டுக்குப் பின்னால் அமிழ்ந்துவிடும். அப்புறம் சரிவில் ஏறினால்தான் மறுபடி எட்டிப்பார்க்கும்.

காரணம் இரண்டு கட்டடக் கலைஞர்களின் சண்டை. 1911இல் டெல்லியில் பிரிட்டிஷ் மன்னருக்காக நடந்த தர்பாரில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். வைஸ்ராய் மாளிகை (இன்றைய ராஷ்டிரபதி பவன்) லட்யன்ஸ் கைக்கும், இரண்டு செயலகக் கட்டடங்கள் பேக்கர் கைக்கும் போயின. ரைசினா மேட்டின் உச்சியில் மாளிகை மட்டும் இருக்கட்டும் என்பது முதல் யோசனை. செயலகமும் அதே உயரத்தில் நிற்கவேண்டும் என்றார் பேக்கர். அதனால் மாளிகை பின்னால் தள்ளிப்போனது. முன்னால் வந்த செங்குத்தான சரிவு பார்வையை மறைத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சரிவுக்குச் சம்மதித்தவர்களில் லட்யன்ஸும் ஒருவர். விளைவு பிறகுதான் உறைத்தது. சரிவைக் குறைக்கச் சொல்லி மேலிடம் வரை போய் மல்லுக்கட்டினார், நடக்கவில்லை. 'என் பேக்கர்லூ' என்று புலம்பினாராம்: வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்ற மாதிரி, இவர் பேக்கரிடம் தோற்றார்.

1931இல் நகரம் திறக்கப்பட்டது. சரிவு இன்றும் அப்படியேதான் இருக்கிறது.