கோரைக்கு நாற்று விட்ட கதை

கேள்வி: ஐயா, குலசேகரம் பக்கம் இளம் ரப்பருக்கு நடுவே மொரீஷியஸ் ரக அன்னாசி போட்டிருக்கிறேன். ரோட்டவேட்டர் ஓட்டி, மண்ணைப் பொடியாக்கித்தான் நட்டேன். மூன்றே மாதத்தில் கன்று தெரியாமல் கோரை மூடிவிட்டது. பக்கத்துத் துண்டிலும் நட வேண்டும். உழவே கூடாதா?

பதில்: தம்பி, கோரைக்கு நீங்களே நாற்று விட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். வருத்தப்படாதீர்கள், என் முதல் தோட்டத்தில் நானும் அதைத்தான் செய்தேன். கோரைக்கிழங்குகள் மண்ணுக்குள் மணிமாலை போலக் கோத்துக் கிடக்கும். நுனிக் கிழங்கு முளைத்து நின்றால் மற்றவை பெரும்பாலும் உறங்கும். ரோட்டவேட்டர் மாலையை அறுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழித்துக்கொள்ளும். அருகம்புல்லும் அப்படித்தான், துண்டுக்கு ஒரு செடி.

உழலாம், ஆனால் தை, மாசியில் மண் காய்ந்திருக்கும்போது. கொத்துக்கலப்பையால் கட்டி பெயர உழுது இரண்டு வாரம் வெயிலில் விடுங்கள். அப்புறம் குறுக்கே ஒரு உழவு. மேலே வந்த கிழங்கு காய்ந்து சாகும். கோடை மழை விழுந்தபின் உழுதால் பழைய கதைதான். சரிவு நிலம் என்றால் முழுவதையும் கிளறாதீர்கள், மண் ஓடிவிடும். சரிவுக்குக் குறுக்கே, நடும் பட்டையை மட்டும் மம்பட்டியால் கொத்தினால் போதும். நடுவில் நிற்கும் புல்லைப் பூக்குமுன் அறுத்து அங்கேயே போடுங்கள்.

நடவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரட்டை வரிசை, இடையே 45 செ.மீ., கன்றுக்குக் கன்று 30 செ.மீ., நேரெதிராக வராமல் மாற்றி மாற்றி. அரைக் கிலோவுக்குக் குறைந்த கன்றுகளைப் பிரித்துத் தனிப் பட்டையில் நடுங்கள். கலந்து நட்டால் குட்டைக் கன்று இருக்கும் இடமெல்லாம் களைக்கு வெளிச்சம். ஒரே அளவாக நட்ட என் பட்டைகளில் இலைகள் ஒன்றோடொன்று கூடித் தரையை மூடிய பிறகு நடைவழியில் மட்டும்தான் களை எடுத்தேன்.

கறுப்பு ஷீட் விரிக்கலாமே என்பீர்கள். விதையில் முளைக்கும் களைக்குச் சரி. கோரை அதையும் ஊசி போலக் குத்திக்கொண்டு வரும். காசு கொடுத்து விரித்து, பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

ஏற்கெனவே மூடிய துண்டில் ஆழமாகக் கொத்தாதீர்கள், அன்னாசி வேர் மேலாகத்தான் ஓடும். குருத்துக்குள் மண் விழுந்தால் அழுகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோரையைத் தரையோடு அறுத்துக்கொண்டே இருங்கள், கிழங்கு இளைத்துவிடும். கூலிக் கணக்கைப் பார்த்தால் வயிறு எரியும், ஆனால் இலை கூடும்வரைதான்.