ஆற்று நீர்மட்டம் பாலத்து அளவுப் பலகையில் 2 மீட்டர், இணையத்தில் 8 மீட்டர்: எது சரி?

பெரும்பாலும் இரண்டும் சரியே. மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பாலத்தூணில் நீங்கள் பார்த்த பலகை தன் அடிப்புள்ளியிலிருந்து அளக்கிறது; ஜே.பி.எஸ். (நீர்ப்பாசன, வடிகால் துறை) இணையத்தில் வெளியிடும் மட்டமோ பொதுவாகச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது.

முதலில், இணையத்தில் இருப்பது அதே பாலத்து நிலையம்தானா என்று பாருங்கள். பிறகு ஆறு அமைதியாக ஓடும் நாளில் இரண்டையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சிற்றலை பலகையில் மோதினால், அதன் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே உள்ள கோட்டையே எடுக்க வேண்டும். தண்ணீர் ஏறிய பின்னும் வித்தியாசம் மாறாதிருந்தால் கோளாறில்லை. மாறினால், பலகை சாய்ந்திருக்கலாம், அல்லது செம்பனை மட்டையும் சேறும் நிலையத்தின் அளவுக் கருவியை அடைத்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: வஸ்படா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (அபாயம்) என்ற வெள்ள எல்லைகளை இணைய மட்டத்தோடுதான் ஒப்பிட வேண்டும், பலகையோடு அல்ல. அவை அந்த நிலையத்துக்கே உரியவை. தாழ்வான லயத்து வீடுகளுக்குள் அந்த எல்லைகளை ஆறு எட்டும் முன்பே தண்ணீர் புகுந்துவிடலாம்.