எலக்ட்ரோலிசிஸ்: ‘லைசிஸ்’ இல்லை, ‘லிசிஸ்’

எலக்ட்ரோலிசிஸ் (மின்சாரத்தால் ஒரு பொருளைப் பிரித்தல்) என்ற ஆங்கிலச் சொல்லை ‘லைசிஸ்’ என்று முடிப்பதா, உங்கள் மகள் சொல்வதுபோல் ‘லிசிஸ்’ என்று முடிப்பதா, ‘எலக்ட்ரோ + லிசிஸ்’ என்று பிரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மகள் சொல்வதுதான் சரி. இ–லெக்–ட்ரொ–லி–சிஸ், மொத்தம் ஐந்து அசை. அழுத்தம் மூன்றாவதான ‘ட்ரொ’வில் விழும். ‘எலக்ட்ரோ’ என்று நீட்டி நிறுத்திவிட்டு ‘லைசிஸ்’ என்றால்தான் காது உறுத்துகிறது.

குழப்பம் பெரும்பாலும் ‘எலக்ட்ரோலைட்’ (மின்பகுபொருள்) என்ற சொல்லிலிருந்து வந்திருக்கும். அதில் ‘லைட்’ உண்டு, அழுத்தமும் ‘லெக்’கில். ஒரே குடும்பம், ஆனால் உச்சரிப்பு வேறு. காரைக்குடியில் செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) பக்கம் வளர்ந்த நானே கல்லூரி வரை ‘லைசிஸ்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்!

சோதிக்க: ‘அனாலிசிஸ், டயாலிசிஸ், எலக்ட்ராலிசிஸ்’ என்று மூன்றையும் தொடர்ந்து வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். வால் ஒரே மாதிரி வந்தால் போதும்.

நீங்கள் கேட்ட ‘எலக்ட்ரோ + லிசிஸ்’ பிரிப்பும் தப்பில்லை, ஆனால் அது பொருளுக்கான பிரிப்பு, உச்சரிப்புக்கான அசைப் பிரிப்பு அல்ல. கிரேக்கத்தில் ‘எலெக்ட்ரான்’ என்றால் அம்பர் பிசின். தேய்த்தால் துரும்பை இழுக்கும், அதனால் மின்சாரத்துக்கு அந்தப் பெயர். ‘லிசிஸ்’ என்றால் அவிழ்த்தல், பிரித்தல். 1834-இல் ஃபாரடே இந்தச் சொல்லை அச்சில் கொண்டுவந்தார்.

தமிழிலும் இதே கதைதான். எலக்ட்ரோலிசிஸுக்கான தமிழ்ச்சொல் ‘மின்னாற்பகுப்பு’; அதைப் பொருளுக்கு மின் + ஆல் + பகுப்பு என்று பிரிப்போம். அசை பிரித்தால் மின்/னாற்/பகுப்/பு.

ஒன்று கவனம்: தமிழ் யாப்பின் அசையும் ஆங்கில அசையும் ஒன்றல்ல. ‘பகுப்’ யாப்பில் நிரையசை எனும் ஒரே அசை; ஆனால் அதில் இரண்டு உயிரொலி இருக்கிறது, ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு அசை. வகுப்பில் எந்தக் கணக்கைக் கேட்கிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.