பலகையில் 12.30, ரயில் போனது 11.35

கேள்வி: போன மழையின்போது சென்னைக்கு இரவு 10.20 ரயிலில் முன்பதிவு செய்திருந்தேன். ஸ்டேஷன் பலகையில் 2 மணி 10 நிமிடம் தாமதம் என்று போட்டிருந்தது. கைக்குழந்தையோடு உட்கார முடியாமல் பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு 11.50க்குத் திரும்பினால், வண்டி 11.35க்கே போய்விட்டதாம்! என் போனில் அப்போதும் 12.30 என்றுதான் இருந்தது. ஏன் இப்படி? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், கிடைப்பது கஷ்டம். 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் அந்த வண்டியில் போகாமல் இருந்தால்தான் முழுக் கட்டணமும் திரும்ப வரும். இ-டிக்கெட் என்றால் வண்டி கிளம்புவதற்கு முன்பே டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட்டிருக்கவும் வேண்டும். உங்கள் வண்டி கிளம்பியது 1 மணி 15 நிமிடத் தாமதத்தில். பலகை என்ன சொன்னாலும் கணக்கில் நிற்பது அதுதான். பலகையில் 3 மணி 10 நிமிடம் என்று பார்த்து டிடிஆர் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவருக்கும் இதே கதி வரலாம். வண்டி கடைசியில் 2 மணி 40 நிமிடத் தாமதத்தில் கிளம்பியிருக்கும்.

சரி, பலகை ஏன் தப்பாகக் காட்டியது? வண்டி கடைசியாக எந்த ஸ்டேஷனை எத்தனை மணிக்குத் தாண்டியது என்பது நடந்து முடிந்த விஷயம். அதற்குப் பிறகு போடுவதெல்லாம் கணிப்பு. இப்போதுள்ள தாமதத்தை அட்டவணையோடு கூட்டி, வழியில் ஈடுகட்டக்கூடிய நிமிடங்களைக் கழிக்கிறார்கள். சாதாரண நாளில் இது ஓரளவு பொருந்தும். மழை நாளில் ஒரு பாதையில் தண்ணீர் ஏறியதும் பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றுவிடும். தண்டவாளத்தைப் பார்த்து 'போகலாம்' என்று சொன்ன பிறகு எந்த வண்டியை முதலில் விடுவது என்பதைக் கட்டுப்பாட்டு அறையில்தான் முடிவு செய்வார்கள். அந்த முடிவே எடுக்காத நேரத்தில் பலகை மட்டும் எதைக் காட்டும்? உங்கள் வண்டிக்கு முதலில் வழி கிடைத்திருக்கலாம். வேறொரு நாள் இதே பலகை '40 நிமிடம்' என்று சொல்லியே மூன்று மணி நேரம் உட்கார வைக்கும்.

இஸ்ரோ துணையோடு வந்த ஆர்டிஐஎஸ் கருவி பொருத்திய இன்ஜின்கள், இருக்குமிடத்தை 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்புகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இடம் தெரிந்தால் நேரம் தெரிந்துவிடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிற்பது ஊருக்கே தெரிந்திருந்தது. எப்போது நகரும் என்று யாரால் சொல்ல முடிந்தது?

செயலிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கும் காரணம் உண்டு. ரயில்வேயின் சொந்த விசாரணைச் செயலியான என்டிஇஎஸ் தன் பதிவுகளைப் பார்க்கிறது. கூகுள் வாங்கிய 'வேர் இஸ் மை டிரெயின்' செயலி பயணிகளின் போன் பிடிக்கும் டவரை வைத்தும் சொல்கிறது. வண்டி புறப்படும் ஸ்டேஷனிலேயே ஏறுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 'இணை ரயில் தாமதம்' என்று அறிவித்தால், அந்தப் பெட்டிகள் வேறொரு வண்டியாக இன்னும் வந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அந்த வண்டியின் எண்ணைக் கேட்டு அதைத் தேடுங்கள். அது வந்து சேர்ந்தால்தான் உங்களுடையது கிளம்பும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றால், வழி இருக்கிறது. 2016இல் அஜ்மீர்-ஜம்மு எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 4 மணி நேரம் தாமதமாகி, விமானத்தைத் தவறவிட்ட பயணிக்கு 35,000 ரூபாய் தர நுகர்வோர் மன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில் உறுதி செய்தது. தாமதத்துக்கு என்ன காரணம் என்று ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும் என்றது. ஆனால் உங்களுடையது நேர்மாறான வழக்கு, அதுவும் மழைக்காலம். வெள்ளம் என்றால் காரணம் சொல்வது அவர்களுக்குச் சுலபம். பலகையின் போட்டோ நேரத்தோடு இருந்தால் மட்டும் முயன்று பார்க்கலாம். இல்லையென்றால் அலைச்சல்தான் மிஞ்சும்.

அடுத்த முறை எத்தனை மணிக்கு வரும் என்று கேட்காதீர்கள். கடைசியாக எந்த ஸ்டேஷனைத் தாண்டியது என்று கேளுங்கள். அங்கிருந்து உங்கள் ஊருக்கு அட்டவணைப்படி எவ்வளவு நேரமோ, அதற்குள் திரும்பி வர முடிந்தால் மட்டும் அக்கா வீட்டுக்குப் போங்கள்.