கேளுங்கள் அண்ணாச்சி: பாஸ்போர்ட் பார்க்கும் விளையாட்டு

கேள்வி (கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை): அண்ணாச்சி, ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ கேமில் நாலைந்து நாள் தாண்டினால் வீட்டுச் செலவுக்குக் காசு காணவில்லை. வேகமாகப் பார்த்தால் தப்பு, நிதானமாகப் பார்த்தால் ஆள் குறைகிறது. என்ன செய்ய?

பதில்: விளையாடாதவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. லூகாஸ் போப் என்பவர் உருவாக்கி 2013-ல் வெளியிட்டது இது. அர்ஸ்டோட்ஸ்கா என்னும் கற்பனை நாட்டு எல்லைச் சாவடியில் நீங்கள்தான் அதிகாரி. கதை தொடங்குவது 1982 நவம்பர் 23. காலை 6 முதல் மாலை 6 வரை வரிசை நிற்கும். ஆளுக்கு 5 கிரெடிட் (கேமில் வரும் பணம்) கூலி. வாடகை, சாப்பாடு, குளிருக்கு ஹீட்டர் எல்லாம் அதிலேதான்.

உங்கள் கண்ணில் குறையில்லை, பார்க்கும் வரிசையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முகமும் போட்டோவும், ஆணா பெண்ணா என்பதும். அடுத்து காலாவதித் தேதி. பிறகு பாஸ்போர்ட் வழங்கிய ஊர். அதன்பின் பாஸ்போர்ட்டிலும் நுழைவு அனுமதிச் சீட்டிலும் பெயரும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். கடைசியாக, ஆள் வாயால் சொன்ன காரணமும் தங்கும் நாளும் சீட்டோடு ஒத்துப்போகிறதா? அவர் பேசியது தனித்தாளில் அச்சாகிக் கிடக்கும், மனசில் வைக்க வேண்டாம்.

நேரத்தைத் தின்பது ஊர்ப்பெயர்தான். கேமில் வரும் ஒவ்வொரு நாட்டுக்கும் பாஸ்போர்ட் வழங்கும் ஊர் மூன்று. ஒவ்வொரு தடவையும் விதிப்புத்தகத்தைப் புரட்டினால் பொழுது போய்விடும். மனப்பாடம் செய்துவிடுங்கள். குறிப்பாக, ஈஸ்ட் கிரெஸ்டின் அர்ஸ்டோட்ஸ்காவுக்கு, வெஸ்ட் கிரெஸ்டின் கொலேச்சியாவுக்கு. வெறும் குளோரியன் என்றால் அன்டெக்ரியா, ட்ரூ குளோரியன் என்றால் ரிபப்ளியா. அவசரத்தில் கை தவறுவது இந்த இரண்டு ஜோடியில்தான்.

இன்னொன்று: தொடக்க நாட்களில் ஒரு தப்பு கண்ணில் பட்டதுமே சிவப்பு முத்திரை குத்தி அனுப்பிவிடலாம். இரண்டாவது தப்பைத் தேடுவது வீண். விசாரணை தேவைப்படுவது வேறு சில இடங்களில். முகம் மாறியிருந்தால் விரல்ரேகை கேளுங்கள். ரேகை பொருந்தினால் ஆள் அசல்தான், உள்ளே விட வேண்டும். தாள் ஏதாவது குறைந்தால் கேளுங்கள், சிலர் மறந்துபோய்ப் பைக்குள் வைத்திருப்பார்கள். எடை மேடையில் காட்டும் எண் சீட்டில் உள்ளதைவிடக் கூடினால் ஸ்கேன் எடுங்கள், உடம்பில் எதையோ கட்டி வந்திருக்கலாம்.

ஒரு நாளில் நீங்கள் செய்யும் முதல் இரண்டு தப்புக்கு எச்சரிக்கைச் சீட்டு மட்டும்தான். மூன்றாவதிலிருந்து கூலியில் பிடித்தம். இந்த இரண்டையும் கவனக்குறைவில் தொலைக்காமல் கையிருப்பாக வைத்திருங்கள். கணவன் சரியான தாளோடு உள்ளே போயிருப்பான், பின்னால் வரும் மனைவியிடம் அனுமதிச் சீட்டு இருக்காது. அவளை விட மனசு வந்தால், அன்றைக்கு ஒரு எச்சரிக்கையோடு போகும். ஏற்கெனவே இரண்டும் போயிருந்தால் அந்த இரக்கத்துக்கு உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக் காசைத்தான் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கில்தான் கேமின் உயிரே இருக்கிறது.

கேள்வி (இல்லத்தரசி, அம்பாசமுத்திரம்): ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் செல்போனில் இதை ஆடுகிறான். விடலாமா?

பதில்: செல்போன் பதிப்பு 2022-ல் வந்தது. ஸ்கேன் படங்களில் ஆடையில்லா உடம்பு வரும்; அமைப்புகளில் போய் அதை அணைத்துவிடலாம், முதல் வேலையாக அதைச் செய்யுங்கள் அம்மா. குண்டுவெடிப்பு, துப்பாக்கிச் சூடு உண்டு, படம் சின்னப் புள்ளிகளாகத்தான் தெரியும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி (லாரி உரிமையாளர், செங்கோட்டை): இந்த கேம் நம்ம கேரள எல்லைப் புளியரை செக்போஸ்ட் மாதிரியா?

பதில்: இல்லை அண்ணாச்சி. புளியரையில் பார்ப்பது வண்டியையும் சரக்கையும். கேரளாவுக்குப் போக யாருக்கும் பாஸ்போர்ட் வேண்டாம். வளைகுடாவுக்குப் போகிற நம் ஊர்ப் பிள்ளைகள் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இமிகிரேஷன் கவுண்டர் முன் நிற்கிறார்களே, அதற்குத்தான் இது பக்கம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர் பாஸ்போர்ட்டில் இசிஆர் (வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) இருந்தால் அங்கே தனிக் கேள்வி வரும் அல்லவா, அதுமாதிரி விதிகள்தான் இந்த கேமிலும்; பெரும்பாலும் காலையில் புது விதி ஒன்று தாளில் வந்து சேரும். அந்தத் தாளை வாசிக்காமல் முதல் ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.