மேல் மாடியா, கீழ் வீடா என்று தெரியாவிட்டால்?

மாதுங்காவில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில், இந்த மாதம் நீதியைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி வீட்டைப் பற்றியது. மும்பைக்காரர்கள் வேறு எதைக் கேட்பார்கள்! முப்பது வருடம் கல்லூரியில் தத்துவம் நடத்தியவன் என்பதற்காக என்னிடம் தீர்ப்பை எதிர்பார்க்க வேண்டாம். யோசிக்க ஒரு வழி சொல்கிறேன், அவ்வளவுதான்.

கேள்வி (தாராவி, 90 அடி சாலை): சார், கீழ் வீட்டில் நாங்கள் இருக்கிறோம். மேலே பல வருடமாக ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. குடிசைகளை எடுத்துவிட்டு அடுக்குமாடி கட்டும் மறுசீரமைப்பில் எங்களுக்கு இங்கேயே 350 சதுர அடி. அவர்களுக்குத் தாராவிக்குள் இடமில்லை என்கிறார்கள். "காகிதம் இருப்பவனுக்கு வீடு, இதில் என்ன அநியாயம்?" என்கிறான் என் தம்பி.

பதில்: தம்பியிடம் ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள். விதியை அவரே எழுதட்டும். ஆனால் நாளைக் காலை விழிக்கும்போது தான் கீழ் வீட்டில் இருப்போமா, மேல் மாடியிலா, 1999இல் வந்தவனா, 2001இல் வந்தவனா என்பது எழுதும்போது அவருக்குத் தெரியக்கூடாது. ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கர் 1971இல் முன்வைத்த யோசனை இது. அறியாமைத் திரை என்பார்கள். திரைக்குப் பின்னால் இருப்பவன் மிக மோசமான இடத்தில் இருப்பவனை மறக்க மாட்டான், அது அவனாகவே இருக்கலாமே!

2000 ஜனவரி 1க்கு முன் வந்தவருக்கே இங்கே இலவச வீடு என்ற கெடுவை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். எங்காவது கோடு கிழிக்காவிட்டால் நாள்தோறும் புதுக் குடிசை முளைக்கும். திரைக்குப் பின்னால் இருந்தாலும் ஏதோ ஒரு கெடுவுக்குச் சம்மதித்திருப்போம். ஆனால் மாடியை வைத்துக் கிழிக்கும் கோட்டுக்கு அந்தக் காரணம் பொருந்துமா? ஏணியில் ஏறிப் போகிறவனும் அதே வருடத்தில் வந்தவனாக இருக்கலாம். தம்பி எழுதும் விதியில் அது நிற்காது என்று பந்தயம் கட்டுகிறேன்.

கேள்வி (ஆன்டாப் ஹில், மாணவி): அப்படியென்றால் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும் என்கிறாரா ரால்ஸ்?

பதில்: இல்லை அம்மா. அடிப்படைச் சுதந்திரமும் வாய்ப்பும் எல்லோருக்கும் சமம். வருமானத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம், ஆனால் கடைசியில் நிற்பவனின் நிலையும் அதனால் உயர வேண்டும். டாக்டருக்குக் கூடுதல் சம்பளம் தந்தால் சயான் பக்கத்து ஏழைக்கு நல்ல சிகிச்சை கிடைக்கும் என்றால் சரி. கிடைக்காவிட்டால் அந்தக் கூடுதலுக்கு வேறு நியாயம் தேட வேண்டும்.

கேள்வி (செம்பூர், பொறியாளர்): இருபது வருடம் இஎம்ஐ கட்டி ஃபிளாட் வாங்கினேன். குடிசை போட்டவருக்கு இலவச வீடு. என் உழைப்புக்கு என்ன நியாயம்?

பதில்: கோபம் புரிகிறது. உங்களுக்காக வாதாட ராபர்ட் நோசிக் என்ற தத்துவவாதி இருக்கிறார். ரால்ஸ் இருந்த ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலேயே இருந்தவர், 1974இல் அவருக்கு மறுப்பு எழுதியவர். நேர்மையாகச் சேர்த்ததை யாரும் பிடுங்கக் கூடாது என்பார். ஆனால் மூன்று கேள்வி கேட்பார்: முதலில் எப்படி வந்தது, எப்படிக் கை மாறியது, பழைய அநியாயம் ஏதாவது திருத்தப்படாமல் கிடக்கிறதா? மூன்றாவதை அவருடைய ரசிகர்களே தாண்டிப் போய்விடுவார்கள்.

குடிசை போட்டவர் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். சேலத்திலிருந்து 1961இல் பிழைக்க வந்த நிலமற்ற கூலி ஒருவர் இங்கே நடைபாதையில் குடியிருந்தார். 1981 ஜூலையில் குடிசையை இடித்துச் சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார், வேலை இங்கேதானே இருந்தது. நடைபாதைவாசிகளை அகற்றுவதை எதிர்த்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் அவரும் ஒரு மனுதாரர். அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்லும் உயிர்வாழும் உரிமையில் பிழைப்பும் அடங்கும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, நடைபாதையில் குடியிருக்க உரிமையில்லை, முறைப்படி அகற்றலாம் என்றும் சொன்னது. வென்றார்களா என்று கேட்டால் நான் இன்றும் தடுமாறுவேன்.

இன்னொன்று: குடிசை மாற்றுத் திட்டத்தில் வீட்டுச் செலவு பெரும்பாலும் உங்கள் வரியிலிருந்து வருவதில்லை. பில்டருக்குக் கூடுதல் எஃப்எஸ்ஐ, அதாவது அதே மனையில் கூடுதல் பரப்பு கட்டும் அனுமதி, கிடைக்கிறது, அதில் கட்டி விற்றுச் சரிக்கட்டுகிறார்.

கேள்வி (முலுண்ட்): மனுநீதிச் சோழனை விடவா நீதி வேண்டும்?

பதில்: மகனைத் தேர்க்காலில் இட்டது பற்றி எனக்குப் பேச்சில்லை. எனக்குப் பிடித்தது அந்த மணிதான். பசுவுக்கு எட்டும் உயரத்தில் கட்டியிருந்தார்கள். இங்கே மணி வார்டு ஆபீஸில் இருக்கிறது. அசைக்க வாடகை ஒப்பந்தம், மின் பில், படிவம் எல்லாம் வேண்டும்.

கேள்வி (பெயர் வேண்டாம், மேற்குப் புறநகர்): எங்கள் சொசைட்டியில் வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி லிஃப்ட். பழகிவிட்டது. தவறா?

பதில்: தவறு. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார்: அரசியலில் சமத்துவம் வரும், சமூக வாழ்விலும் பொருளாதாரத்திலும் வராது, இந்த முரண்பாட்டோடுதான் குடியரசுக்குள் நுழைகிறோம் என்று. ஓட்டுச் சாவடியில் அந்த அம்மாவும் நீங்களும் ஒரே வரிசை. லிஃப்டில் மட்டும் வேறு வேறு. சாமான் ஏற்றத் தனி லிஃப்ட் இருக்கட்டும், மனிதர்களை அதில் சேர்க்காதீர்கள். சொசைட்டியின் ஆண்டுப் பொதுக்கூட்டம் (ஏஜிஎம்) எப்போது என்று எழுதுங்கள், தீர்மான வாசகம் எழுதித் தருகிறேன்.