லிபியப் பாலைவனத்தில் நின்ற அந்த ரஷ்யப் பீரங்கி எது?

கேள்வி: சிறிய அளவில் மாதிரிப் பீரங்கிகள் செய்வது என் பொழுதுபோக்கு. 1942இல் லிபியாவில் எடுத்த ஜெர்மன் ராணுவப் புகைப்படம் ஒன்று கிடைத்தது. அதிலுள்ள பீரங்கி சோவியத் ‘ஜிஸ்-3’ என்கிறது படக்குறிப்பு. குழல் முனையில் மசில் பிரேக்கும் (சுடும்போது பின்னுதைப்பைக் குறைக்கும் துளையுள்ள முனைத்துண்டு) தெரிகிறது. நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். படத்தில் நிற்பது எஃப்-22 என்ற வேறொரு சோவியத் பீரங்கி. ஜெர்மானியர்கள் கைப்பற்றி, மாற்றியமைத்து, ‘பாக் 36 (ஆர்)’ என்று பெயரிட்ட டாங்கி எதிர்ப்புப் பீரங்கி. அந்த ‘ஆர்’ எழுத்து ரஷ்யாவைக் குறிக்கிறது.

படக்குறிப்பு எழுதியவரைத் தடுமாற வைத்தது மசில் பிரேக்தான். ஜிஸ்-3 தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதோடு வரும். எஃப்-22க்கு அது கிடையாது. பிறகு பொருத்தியவர்கள் ஜெர்மானியர்கள். ஆகவே குழல் முனையை வைத்து முடிவு செய்யக் கூடாது. கவசத் தகட்டின் பின்னால்தான் உண்மை இருக்கிறது.

எஃப்-22ஐ விமானங்களையும் சுடும்படி 75 பாகை வரை உயர்த்த வடிவமைத்தார்கள். குழலை உயர்த்தும் கைச்சக்கரம் வலப்புறம், பக்கவாட்டில் திருப்புவது இடப்புறம். ஓடும் டாங்கியைக் குறி வைக்க இருவர் ஒத்துழைக்க வேண்டும் என்பது பெரிய குறை. ஜெர்மானியர்கள் இரண்டையும் இடப்பக்கத்துக்கே கொண்டுவந்தார்கள். கவசத்தின் உயரத்தையும் குறைத்தார்கள். உங்கள் படத்தில் இடப்புறம் குந்தியிருக்கும் வீரரின் இரு கைகளும் இரு சக்கரங்களில் இருப்பதைப் பாருங்கள்.

அதைவிட எனக்குப் பிடித்த சாட்சி, மணலில் கிடக்கும், சுட்ட குண்டின் காலிக் கூடு. பழைய ரஷ்யக் கூட்டின் நீளம் சுமார் 38 செ.மீ. குழலின் அடிப்பகுதியைக் குடைந்து ஜெர்மானியர்கள் நுழைத்த புதிய கூடு சுமார் 71 செ.மீ. நிறுத்தி வைத்தால் முதலாவது ஆளின் முழங்காலைத் தொடாது. இரண்டாவது தொடை வரை வரும். உங்கள் படத்தில் பக்கத்தில் கிடக்கும் பூட்ஸைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளமாக இருக்கிறது. ஜிஸ்-3இல் அது நுழையவே நுழையாது.

இன்னும் ஐயம் இருந்தால் பீரங்கியைத் தரையில் ஊன்றி நிறுத்தும் பின்கால்களைப் பாருங்கள். ஜிஸ்-3க்கு உருண்டைக் குழாய்கள்; எஃப்-22க்குப் பெட்டி வடிவம். பக்கவாட்டுப் படமாக இருந்தால் குழலையும் அளக்கலாம்: எஃப்-22க்கு ஏறத்தாழ 3.9 மீட்டர், ஜிஸ்-3க்கு 3.2 மீட்டர். சாய்ந்த கோணத்தில் எடுத்த படத்தில் இந்த அளவு ஏமாற்றிவிடும். சக்கரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்; போர்க்களத்தில் கிடைத்ததை மாட்டிக்கொள்வார்கள்.

வேறு படங்களில் தேதியும் உதவும். 1941 கோடையில் எடுத்த படம் என்றால் ஜிஸ்-3க்கு வாய்ப்பே இல்லை. அது பெருமளவில் களத்துக்கு வந்தது 1942இல்.

பெரிய பீரங்கிகளில் இதே குழப்பம் தலைகீழாக வரும். 152 மி.மீ. எம்எல்-20, 122 மி.மீ. ஏ-19 இரண்டும் ஒரே வண்டியில் ஏறியவை. அங்கே மட்டும் குழல் முனையை நம்பலாம்: பல துளைகள் கொண்ட பருத்த பிரேக் இருந்தால் எம்எல்-20, வெறும் நீண்ட குழல் என்றால் ஏ-19.

மாதிரி செய்யும்போது உயர்த்தும் கைச்சக்கரத்தை மறவாமல் இடப்புறம் ஒட்டுங்கள். ரஷ்ய எஃப்-22 மாதிரிப் பெட்டியின் வரைபடத்தை அப்படியே பின்பற்றினால் அது வலப்புறம் போய்விடும்.